லைசென்ஸ் இருக்குதுங்களா?

பண்ணாரியில் பங்குனிக் குண்டம் என்றால், முதல் நாளே ஆட்கள் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். வேண்டுதல்காரர்கள் கொண்டுவந்து போடும் விறகுக்கு எரிகரும்பு என்று பெயர். விடிவதற்கு முன்பே பூசாரி முதலில் தீக்குண்டத்தில் இறங்க, பின்னால் ஆயிரக்கணக்கில் இறங்குவார்கள். பாரியூர், தேக்கம்பட்டி, ஆனைமலை என்று கொங்கு நாட்டில் குண்டத்துக்குக் குறைவே இல்லை.

இதே ஊர்களில் விரதமும் மஞ்சள் துணியும் இல்லாமல் தீ மிதிக்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. நாத்திகம் பேசும் கறுப்புச் சட்டைக்காரர்கள். "தீச்சட்டி இங்கே, மாரியாத்தா எங்கே?" என்று கோஷம் போட்டுக்கொண்டே வருவார்கள். அது முடிந்ததும் ஒருவர் மைக்கைப் பிடித்து விளக்கம் சொல்வார். எனக்குக் கோஷத்தைவிட இந்த விளக்கம்தான் பிடிக்கும். தள்ளி நின்று முறைத்துக்கொண்டிருந்த ஆட்கள்கூட விளக்கம் ஆரம்பித்ததும் கிட்டத்தில் வந்துவிடுவார்கள். மரக்கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். பாதம் அதன்மேல் நிற்பது அரை நொடிக்கும் குறைவு; மேலே படிந்த சாம்பல் வேறு நடுவில் தடுக்கிறது. அடுப்பிலிருந்து உருண்ட கங்கை விரலால் சட்டென்று உள்ளே தள்ளிவிடும் பாட்டி, காய்ந்த தோசைக்கல்லில் விரலை வைப்பாளா? தயங்கி நின்றால் பக்தனுக்கும் சுடும், நாத்திகனுக்கும் சுடும்.

அற்புதங்களைச் செய்துகாட்டி விளக்கும் இந்தக் கலையை இந்தியா முழுக்கக் கொண்டுபோனவர் நம் கோவைப் போத்தனூரில்தான் இருந்தார். பசவ பிரேமானந்த். 1930இல் கோழிக்கோட்டில் பிறந்தவர். 'இந்தியன் ஸ்கெப்டிக்' என்ற மாத இதழை இங்கிருந்து நடத்தினார். நீண்ட வெண்தாடியோடு அவரைப் பார்த்தால் யாருக்கும் காலில் விழத்தான் தோன்றும். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாமியார்கள் திருநீறு வரவழைக்கும் வித்தையை அவரும் செய்துகாட்டுவார்; அதற்கு வேண்டியதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. சாம்பலை வடிகஞ்சியில் பிசைந்து சின்ன வில்லையாக உருட்டிக் காயவைத்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதைச் செருகி, உள்ளங்கையை விரித்துக் காட்டினால் கை வெறுங்கை. கையைக் கவிழ்த்து ஒரு சுற்றுச் சுற்றும்போது வில்லை விரல் நுனிக்கு வந்துவிடும். நசுக்கினால் கொட்டும். நாக்கில் கற்பூரம் கொளுத்துவதும் இப்படித்தான். எச்சில் ஈரம் கொஞ்ச நேரம் காப்பாற்றும். சுட ஆரம்பித்தால் வாயை மூட வேண்டியதுதான், காற்றில்லாமல் அணைந்துவிடும்.

அவருக்கு முன்னோடி, திருவல்லாவில் பிறந்து இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர். அற்புதத்தை ஏமாற்ற முடியாத நிபந்தனைகளில் செய்துகாட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டவர். 1978இல் கோவூர் காலமான பிறகு பிரேமானந்த் அந்தச் சவாலைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பணத்தை யாரும் ஜெயிக்கவில்லை.

ஆனால் நான் ரொம்ப ரசிப்பது அவர் போட்ட வழக்கைத்தான். புட்டபர்த்தி சாய்பாபா காற்றிலிருந்து தங்கம் வரவழைத்துக்கொண்டிருந்த காலம். 1986இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் பிரேமானந்த் நீதிமன்றம் போனார். தங்கம் செய்ய அரசாங்க அனுமதி வேண்டுமே, பாபாவிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 1963இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டால் பிழைப்புப் போன பொற்கொல்லர்கள் நிறைந்த ஊர் கோவை. லேத் பட்டறையோ கிரைண்டர் கம்பெனியோ எது வைத்தாலும், கதவைத் தட்டும் அதிகாரி முதலில் கேட்பது லைசென்ஸைத்தான். கடவுள் உண்டா இல்லையா என்று நூறு மேடையில் வாதாடியிருந்தாலும் இப்படி ஒரு கேள்வி கிடைத்திருக்காது. வழக்கு தள்ளுபடியானது. 1990இல் சட்டமே போய்விட்டது. கேள்வி என்னவோ அப்படியே இருக்கிறது.

ஒருமுறை கோவையில் பகுத்தறிவுக் கூட்டம் ஒன்றின் முடிவில், துண்டை விரித்து வசூல் நடந்துகொண்டிருந்த நேரம், வேட்டியை மடித்துக் கட்டிய நடுவயதுக்காரர் ஒருவர் பேச்சாளரிடம் வந்தார். "நீங்க சொன்னதெல்லாஞ் செரிங்க. ஒத்துக்கறனுங்க. இத எங்கூட்டுல போயி எப்படீங்க சொல்றது? எங்கம்மா இருக்கறாங்கொ, நோம்பி நெருங்குது." ஒன்றரை மணி நேரம் தங்குதடையில்லாமல் பேசிய மனிதர் சற்று யோசித்துவிட்டு, "மெதுவாத்தாங்க சொல்லோணும்" என்றார். வேறென்ன சொல்வார்? மேடையில் நிற்பவருக்குக் கூட்டம் இருக்கிறது, கட்சி இருக்கிறது, ஓரத்தில் இரண்டு போலீஸ்காரர்களும் இருப்பார்கள். வீட்டுத் திண்ணையில் சொல்பவனுக்கு அதெல்லாம் கிடையாது. இந்த இயக்கங்கள் மேடைக்குச் செலவழித்த யோசனையில் கால்பங்கைக்கூடத் திண்ணைக்குச் செலவழிக்கவில்லை என்பது என் மனத்தாங்கல்.

சொந்த ஆட்களிடம் நாத்திகனாக இருப்பதும் கஷ்டம், நாத்திகனாகச் சாவதும் கஷ்டம். பிரேமானந்துக்கு அது தெரியும். புற்றுநோய் முற்றிவிட்ட நிலையில், 2009 செப்டம்பர் 20 அன்று ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். தாம் இன்றும் பகுத்தறிவாளர்தான், மனம் மாறிவிடவில்லை, உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போகவேண்டும் என்று அதில் இருந்தது. கடைசி நேரத்தில் சாமி பேரைச் சொன்னார் என்று நாளைக்கு யாராவது கிளப்பிவிடுவார்கள் என்ற முன்யோசனை. அக்டோபர் 4ஆம் தேதி காலமானார்.

அவராவது வயதாகி, நோயில் போனார். 2017 மார்ச் 16 இரவு, உக்கடம் பக்கம் ஃபாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 31. பழைய இரும்பு வியாபாரம். திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர். அவர் நாத்திகம் பேசியது பெரிய திடலில் இல்லை. வாட்ஸ்அப் குழுவிலும் ஃபேஸ்புக்கிலும், தன்னைச் சுற்றியிருந்தவர்களிடம்தான். கைதானவர்களும் அவர் பிறந்த சமூகத்தைச் சேர்ந்தவர்களே. அவருடைய தந்தை மதநம்பிக்கை உள்ளவர். நாத்திகன் என்பதற்காகத்தான் மகனைக் கொன்றார்கள் என்றால், அவன் இருந்த அமைப்பிலேயே சேர்ந்து அவன் செய்த வேலையைச் செய்யப்போகிறேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.