டாப் ஸ்டேஷனுக்கு ரயில் கிடையாது பாஸ்!

பேரைக் கேட்டதும் டிக்கெட் கவுன்ட்டர் எங்கேன்னு தேடாதீங்க. குரங்கணிக்கு மேலே, தமிழக - கேரள எல்லையில், மலை விளிம்பில் உட்கார்ந்திருக்கிற ஊர்தான் டாப் ஸ்டேஷன். நூறு வருஷத்துக்கு முன்னாடி மூணாறு டீத்தூளை குட்டி ரயிலில் இங்கே கொண்டுவந்து, ரோப்வேயில் கட்டி போடிப் பக்கம் இறக்கியிருக்காங்க. மேல் முனை டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன். 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. பேர் மட்டும் மிச்சம்!

டீ இறங்கின மலையில் நாம ஓடியே ஏறினா என்ன? ஹாஸ்டலில் ஒரு ராத்திரி இந்த விபரீத யோசனை வந்தது. போடியிலிருந்து குரங்கணிக்கு தார் ரோட்டில் சுமார் 16 கிலோ மீட்டர். அதுக்கு மேலே காட்டுப்பாதை சுமார் 12. ஆக மொத்தம் 28.

ஏன் இந்த வேண்டாத வேலைங்கறீங்களா? கிடார் கிளாஸ் ரெண்டு மாசம், ஜிம் பதினோரு நாள், கையில் மூணு அரியர். "நீ எதைத்தான்டா முழுசா முடிச்சிருக்கே?" - இது எங்க அப்பாவின் நிரந்தரக் கேள்வி. ஒண்ணையாவது முடிச்சுக் காட்டணும்ல!

இன்ஜினீயரிங் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சது. மலை நடைக்கு நைஸ்மித்னு ஒருத்தர் 1892-லேயே கணக்கு சொல்லியிருக்கார். 5 கிலோ மீட்டருக்கு ஒரு மணி நேரம், கூடவே 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். குரங்கணிக்கு மேலே ஏற்றமே ஆயிரம் மீட்டரைத் தாண்டும். நடந்தால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. சரி, ஓடிப் பழகுவோம்னு ஞாயிறுதோறும் அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை ரோட்டில் ஏறினேன். முதல் வாரம் என்னைத் தாண்டிப் போனது, தூக்குவாளியோட நடந்த ஒரு பாட்டி!

மூணு மாசம் கழிச்சு, ரூட் பார்க்க போடிக்குக் கிளம்பினேன். மதுரையிலிருந்து 2023-ல் மறுபடியும் ரயில் விட்டுட்டாங்க. குரங்கணி டீக்கடையில் என் பிளானை பெருமையா அவிழ்த்துவிட்டேன். கடைக்கார அய்யா கிளாஸைக் கழுவிக்கிட்டே கேட்டார்: "ஏறுறது சரி தம்பி. எந்த இடத்துல திரும்புவே?"

நாலு பக்க பிளானில் அதுக்கு மட்டும் பதில் இல்லை.

அவர் வேற எதுவும் சொல்லலை. சொல்லவும் தேவையில்லை. 2018 மார்ச் 11-ல் இதே மலையில்தான் காட்டுத்தீயில் மாட்டி, மலையேற வந்தவங்க 20 பேருக்கு மேல் இறந்துபோனாங்க. பல பேர் நம்மைவிட நாலஞ்சு வயசுதான் மூத்தவங்க. காய்ஞ்ச புல்லில் தீ மேல்நோக்கிப் பாயும்போது, எந்த ஓட்டக்காரனும் அதை முந்த முடியாது. அதுக்கப்புறம் மலையேற்ற விதிகள் கடுமையாயிடுச்சு. வனத்துறை அனுமதி வேணும், கூடவே வழிகாட்டி வேணும். காட்டுத்தீ பருவத்தில் ஆளே போகக்கூடாது. தனியா, ஷூ மாட்டிக்கிட்டு ஓடறதா? பேச்சுக்கே இடமில்லை.

போடிக்குத் திரும்பற பஸ்ஸில் அழுகையே வந்துடுச்சு. இதுவும் பாதியில் போச்சா? அப்பாவின் கேள்விக்கு இன்னொரு உதாரணமா?

அன்னிக்கு ராத்திரி பிளானை மறுபடி எழுதினேன், இந்தத் தடவை கடைசியிலிருந்து. காலை 5.30-க்கு போடியில் கிளம்பணும். 8 மணிக்குள் குரங்கணி வரலைன்னா, அங்கேயே நிறுத்திட்டு பஸ் ஏறணும். வந்தாலும் ஓட்டம் அங்கேயே முடியுது. ஃபினிஷ் லைன் அந்த டீக்கடைதான். மீதி 12 கிலோ மீட்டர், அனுமதியும் வழிகாட்டியும் கிடைக்கிற நாளில், நடந்து. ஒருவேளை கிடைக்காமலே போகலாம். போகட்டும்.

போனில் அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எட்டு மணிக்கு நான் குரங்கணியில நிக்கிறேன். வரலைன்னா தேடிக்கிட்டு வருவேன்"னார்.

உங்களுக்கும் ஒரு மலை இருக்குமே பாஸ்? ஷூ வாங்கறதுக்கு முன்னாடி, திரும்புற இடத்தை பேப்பரில் எழுதி ஒருத்தர் கையில் கொடுத்துடுங்க. எனக்கு அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு. எட்டு மணிக்கு டீ ரெடி!