பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை: லவ் பேர்ட்ஸ் வாங்கப் போனவர்கள் வெறும் கூண்டோடு திரும்பியது ஏன்?

சென்னையின் தென்பகுதியில் இருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தை. பழைய டிரங்க் ரோட்டில் காலையிலேயே தார்ப்பாய் விரிந்துவிடும். ஓட்டை மிக்ஸி, கால் உடைந்த நாற்காலி, பழைய சுவர்க் கடிகாரம், ரோஜாச் செடி, கருவாடு, காய்கறி என்று எதைக் கேட்டாலும் கிடைக்கும். ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்த ஸ்க்ரூவைத் தேடி எடுத்துவிட்டு, லாட்டரி அடித்த மாதிரி சிரிப்பவர்களை இங்கே வாராவாரம் பார்க்கலாம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தமும் கேட்கும். கீச் கீச் என்று நூறு குரல்கள் ஒரே நேரத்தில். அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் புறா, நாட்டுக்கோழிக் குஞ்சு, முயல், வண்ண மீன் விற்கும் பகுதி வந்துவிடும். தலைக்கு மேலே பக்கத்து மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள். கீழே அடுக்கி வைத்த கூண்டுகள். எந்தக் குழந்தையாக இருந்தாலும் கால் அங்கே நின்றுவிடும்.

காலாண்டு விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமை. குரோம்பேட்டையிலிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன் ரயில் ஏறி மூன்று பேர் வந்து இறங்கினார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி, அவள் அம்மா, அம்மாவின் அம்மா. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து மகளோடு இருக்கும் பாட்டியை, சிறுமி ‘ஆச்சி’ என்றுதான் கூப்பிடுகிறாள். ஒரு வருடமாகக் கேட்டுக் கேட்டு வாங்கிய அனுமதி. இன்றைக்கு வீட்டுக்கு லவ் பேர்ட்ஸ் வரப்போகிறது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

எது லவ் பேர்ட்ஸ்?

“ஜோடி 450 ரூபாம்மா. பச்சை, நீலம், மஞ்சள், எது வேணும்?” என்று கடைக்காரர் ஒரு கூண்டைக் காட்டினார். சிறுமியின் முகம் வாடிவிட்டது. “இது இல்லை அங்கிள். முகம் ஆரஞ்சு கலர்ல இருக்கும். வால் குட்டையா இருக்கும்.”

“ஓ, ஆப்பிரிக்கன் கேக்கறியா? அது வேற ரேட்டு!”

முதல் குழப்பம் இங்கேதான் ஆரம்பம். தமிழ்நாட்டில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜெரிகர். நீண்ட வாலும், இறக்கையில் வரிவரியான கோடுகளும் உள்ள சின்னக் கிளி. அதன் ஊர் ஆஸ்திரேலியா. 1840-ல் ஜான் கோல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிறகு உலகம் முழுக்கக் கூண்டுகளில் பெருகிவிட்டது.

உண்மையான லவ் பேர்ட் வேறு. குட்டை வால், பெரிய அலகு, கொழுகொழு உடம்பு. மொத்தம் ஒன்பது இனங்கள். எட்டு இனங்களுக்கு ஆப்பிரிக்கா சொந்த ஊர், ஒன்றுக்கு மடகாஸ்கர் தீவு. சிறுமி வீடியோவில் பார்த்து ஆசைப்பட்டது பீச் நிற முகம் கொண்ட இனம். நமீபியா போன்ற தென்மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில் கூட்டமாக வாழ்வது. பெண் பறவை இலையையும் பட்டையையும் நீள நீளமாகக் கிழித்து, முதுகுப்புற இறகுகளில் செருகிக்கொண்டு கூடு கட்டப் பறக்கும். வீட்டில் வளர்ந்தால் அதே வேலையை உங்கள் பேப்பரிலும் புத்தகத்திலும் காட்டும்!

கடைக்காரர்கள் இதைத்தான் ‘ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்’ என்கிறார்கள். இரண்டையும் ஒரே கூண்டில் விடக் கூடாது. ஆப்பிரிக்கன் சண்டைக்காரப் பறவை. பட்ஜெரிகரின் கால் விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும்.

ஆச்சியின் கணக்கு

அதுவரை பேசாமல் நின்ற ஆச்சி கேட்டார். “இது எத்தனை வருசம் கெடக்கும்?”

“நல்லாப் பாத்துக்கினா பத்து, பதினஞ்சு வருஷம் இருக்கும் ஆயா.”

ஆச்சி பேத்தியைத் திரும்பிப் பார்த்தார். “ஒனக்குப் பன்னெண்டு. பதினஞ்சு வருசம்னா ஒனக்கு இருவத்தேழு. காலேசுக்குப் போயிருவ, வேலைக்குப் போயிருவ. இது எங்கிட்டயா கெடக்கும்?”

சிறுமியிடம் பதில் இல்லை. அம்மாவிடமும் இல்லை. அப்பா வேலை நிமித்தம் வெளியூரில். அம்மா காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். பறவை வந்தால் பகல் முழுக்க அதோடு இருக்கப்போவது ஆச்சிதான். ஆனால், ஒரு வருடமாக வீட்டில் நடந்த பேச்சில் அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

முதல்முறை பறவை வாங்குகிற எல்லா வீட்டுக்கும் பொருந்தும் கேள்வி இது. ஆசைப்படுவது ஒருவர், பார்த்துக்கொள்வது இன்னொருவர் என்றால், பேச்சுவார்த்தை அந்த இன்னொருவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒன்று போதுமா, ஜோடி வேண்டுமா என்ற கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. தனிப் பறவை மனிதர்களோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆனால், தினமும் சில மணி நேரம் அதனோடு செலவிட ஆள் வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் தனியாகக் கிடந்தால் ஏங்கிப்போய் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் பறவைகளும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஜோடிதான் சரி. ‘ஆண், பெண் பார்த்துக் கொடுங்கள்’ என்று கேட்டுப் பயனில்லை. பீச் முக இனத்தில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இறகைக் கொடுத்து டி.என்.ஏ. பரிசோதனை செய்தால்தான் உறுதியாகத் தெரியும். குஞ்சு பொரிப்பது வேண்டாம் என்றால் கூண்டில் பானையோ கூடு பெட்டியோ வைக்காமல் இருப்பது நல்லது.

கோழி பார்த்த கண்

“வாங்கறமோ இல்லையோ, பாத்துட்டாவது போவோம்” என்று ஆச்சி கூண்டருகே உட்கார்ந்துவிட்டார். ஊரில் நாற்பது வருடம் கோழி வளர்த்தவர்.

“அந்தா, மூலையில உப்பிக்கிட்டு நிக்கிது பாரு. அதுக்குச் சீக்கு.”

அவர் சொன்னது சரி. பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். காட்டில் பலவீனத்தைக் காட்டினால் எதிரிக்கு இரையாகிவிடும் என்பதால் வந்த பழக்கம் அது. ஆகவே, சின்ன அடையாளங்களை நாம்தான் கவனிக்க வேண்டும். இறகை உப்பிக்கொண்டு பகலிலும் தூங்கி வழிவது, கூண்டின் தரையில் உட்கார்ந்திருப்பது, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, மூக்குத் துளையில் ஒழுக்கு, ஆசனவாய்ப் பக்கம் எச்சம் ஒட்டியிருப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் அந்தப் பறவை வேண்டாம். அதே கூண்டில் இருக்கும் மற்றவையும் வேண்டாம்.

இளம் பறவையைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. பீச் முக இனத்தின் குஞ்சுகளுக்கு அலகின் அடிப்பகுதியில் கறுப்புத் தீற்றல் இருக்கும். வளர வளர அது மறைந்துவிடும். பட்ஜெரிகர் என்றால், தலையின் வரிகள் நெற்றி முழுக்க இறங்கி மூக்குவரை வந்திருக்கும்.

சட்டத்தையும் ஒரு வரி தெரிந்துகொள்ளுங்கள். நம்மூர்ப் பச்சைக்கிளி, மைனா, முனியா போன்றவற்றை வாங்குவதும் வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது ரகசியமாகக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். பட்ஜெரிகரும் பீச் முக லவ் பேர்டும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலான சைட்டிஸில் இல்லை. மற்ற லவ் பேர்ட் இனங்கள் அதன் இரண்டாம் பட்டியலில் வருகின்றன. அப்படிப் பட்டியலில் இருக்கும் உயிரினங்களை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கும் முன் இனத்தின் பெயரைக் கேட்டு, ரசீதும் வாங்குங்கள்.

வாங்கியது கூண்டு மட்டும்

அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஆச்சி எழுந்தார். “இப்போ பறவை வேண்டாம். தீபாவளி வருது. தெருவெல்லாம் வெடியா வெடிப்பானுவ. புது எடத்துல இந்தச் சின்ன உசுரு பயந்தே செத்துரும். தீவாளி கழியட்டும்.”

சிறுமியின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனால், ஆச்சி சொன்னதில் நியாயம் இருந்தது. இருட்டில் திடீர்ச் சத்தம் கேட்டால் கிளியினப் பறவைகள் மிரண்டு கூண்டில் மோதிக் காயப்படும். வெடிப் புகையும் அவற்றுக்கு ஆகாது.

“கூண்டு வாங்கிக்கிடுவோம்டி. அதுக்கு வெடிச் சத்தம் ஒண்ணும் செய்யாதுல்லா?” என்றார் ஆச்சி. சிறுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கூண்டிலும் விஷயம் இருக்கிறது. கோபுரம் வைத்த வட்டக் கூண்டு அழகு. ஆனால், பறவை இடம் வலமாகப் பறப்பதால் அகலமான சதுரக் கூண்டுதான் வசதி. ஒரு ஜோடிக்குக் குறைந்தது இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம். அதைவிடப் பெரிது என்றால் இன்னும் நல்லது. கம்பிகளுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் போனால் தலை மாட்டிக்கொள்ளும். பெயின்ட் உரிந்த, துருப்பிடித்த கூண்டு வேண்டவே வேண்டாம். அலகால் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும் பறவை அது. ஈயமும் துத்தநாகமும் வயிற்றுக்குள் போனால் விஷம்.

கூடவே கிடைக்கும் வழவழ பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு, கொய்யாக் கிளையைக் கழுவிக் காயவைத்து வையுங்கள். தடிமன் மாறி மாறி இருந்தால் கால் புண்ணாகாது. கடிக்க ஒரு துண்டு கடல் நுரை, அதாவது கணவாய் ஓடு. சுண்ணாம்புச் சத்து அதில் கிடைக்கும்.

வெறும் கூண்டோடு வெள்ளோட்டம்

இரண்டாவது மாடி வீட்டின் ஹாலில், சுவரை ஒட்டி, கண் உயரத்தில் கூண்டு வந்து உட்கார்ந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார்கள். பறவை இருப்பதாகவே நினைத்துக்கொண்டு தீபாவளிவரை வாழ்ந்து பார்ப்பது என்று முடிவு.

முதலில் ஃபேன். கூண்டுக் கதவைத் திறக்கும் முன் ஃபேனை நிறுத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும். நம் ஊரில் செல்லப் பறவைகளுக்குச் சீலிங் ஃபேன் பெரிய எமன். முதல் நாளே சிறுமி மூன்று முறை மறந்தாள். மறந்த ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு.

அடுத்து சமையலறை. நான்-ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவிட்டால் அதன் பூச்சிலிருந்து வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். மனிதர்களுக்கு வாசனைகூடத் தெரியாது. அம்மா தோசைக்கல்லை இரும்புக்கு மாற்றிவிட்டார்.

மூன்றாவது, தூக்கம். இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். ஹாலில் பத்து மணிவரை சீரியல் ஓடும் வீட்டில் அது எப்படி நடக்கும்? மாலை ஏழரைக்குக் கூண்டை உள்ளறைக்கு மாற்றுவது என்று முடிவானது.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவில்லை. தினை, கம்பு, கேழ்வரகு, கூடவே முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் துருவல், பிஞ்சுச் சோளம். சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், எப்போதாவது போதும். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், உப்பு போட்ட நொறுக்குத்தீனி எதையும் கொடுக்கக் கூடாது. தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

டாக்டரையும் முன்பே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அம்மா அருகிலிருக்கும் கிளினிக்குகளுக்கும் போன் செய்து, ‘பறவை பார்ப்பீர்களா?’ என்று கேட்டு இரண்டு எண்களைக் கூண்டின் பக்கத்தில் ஒட்டிவிட்டார்.

கடைசியாக எழுதியது சாம்பிராணி. ஊதுபத்தி, கொசுவர்த்தி, சாம்பிராணி என எந்தப் புகையும் பறவையின் நுரையீரல் தாங்காது. அதை எழுதும்போது அம்மாவும் மகளும் ஆச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஐம்பது வருடமாகச் செவ்வாய், வெள்ளி தவறாமல் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுகிறவர் அவர். ஆச்சியும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை. ஃபேன் கோடுகள் குறைந்திருந்தன. காலியான கூண்டின் கிண்ணத்தில் சிறுமி தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு ஆச்சி தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணியைத் தூவினார். சமையலறையிலிருந்து ஹால் வாசல்வரை வந்தவர், கூண்டைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். அப்படியே வெளியே திரும்பி, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிப் படியேறினார்.

“ஆச்சி, கூண்டுல இன்னும் யாரும் வரலையே!” என்று சிறுமி பின்னாலேயே ஓடினாள்.

“வந்தப்புறம் மறந்துட்டேன்னா?” என்றார் ஆச்சி, படியில் நின்று மூச்சு வாங்கியபடி.