களனிக் கரையில் ஒரு பாலம்

'நடந்தது இவ்வாறு நடவாமல் வேறுவிதமாக நடந்திருந்தால்?' என்று எண்ணிப் பார்ப்பது மனித உள்ளத்துக்கு இயல்பானதொரு விளையாட்டு. கைகேயி வரம் கேளாதிருந்தால் இராமகாதை ஏது? கோவலன் சிலம்பு விற்க வேறு நகரை நாடியிருந்தால் கண்ணகியின் கதை என்னவாயிருக்கும்? வரலாற்று மாணவர் இவ்வினாவைப் போர்களையும் முடிமன்னர்களையும் குறித்து எழுப்புவர். புகழ் பெற்ற ஒரு திரைப்படத்தைக் குறித்தும் அதனை எழுப்பலாம் என்னும் எண்ணம் நமக்குத் தோன்றிய இடம் கித்துல்கல.

கொழும்பிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தொலைவில், கேகாலை மாவட்டத்தில் அமைந்தது இச்சிற்றூர். அவிசாவளையைக் கடந்து, எட்டியாந்தோட்டை வழியாக ஹட்டனை நோக்கி ஏறும் வீதியில் செல்ல வேண்டும். அவிசாவளை வரை சமவெளியில் ஓடும் வண்டி, அதன் பின்னர் வளைந்து வளைந்து செல்லத் தொடங்குகின்றது. ஒரு புறம் றப்பர் மரங்கள் நிரை நிரையாக நிற்கின்றன. மறுபுறம் களனி கங்கை பாறைகளில் மோதி நுரைத்து ஓடுகின்றது. ஊருக்குப் பெயர் தந்த கித்துள் மரங்கள் ஆங்காங்கே சடை விரித்து நிற்கின்றன. மழைக்குப் பேர் போன பிரதேசமாதலின், குடையின்றிச் செல்வோர் நனையாது திரும்புவது அரிது.

பிரதான வீதியிலிருந்து பிரியும் நடைபாதை வழியே கீழிறங்கினால் ஆற்றங்கரையை அடையலாம். அங்கே காணக் கிடைப்பவை மிகச் சில. பாசி படர்ந்த கொங்கிறீற்று அத்திவாரங்கள், பாறைகள், ஓடும் நீர், அக்கரையில் பச்சைப் பசேலெனக் காடு. றப்பர்ப் படகுகளில் நீர்ச்சுழிகளைத் தாண்டிச் செல்லும் இளைஞரின் ஆரவாரம் இடையிடையே கேட்கும். இவ்வளவுதானா என்று ஏமாற்றமடைவோரும் உளர். ஆயினும், உலகெங்கும் கோடிக்கணக்கானோர் வெண்திரையில் கண்ட 'குவாய் நதிப் பாலம்' நின்றதும் தகர்ந்ததும் இவ்விடத்திலேதான்.

டேவிட் லீன் என்னும் ஆங்கில நெறியாளர் 1956 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தம் குழுவினருடன் இலங்கைக்கு வந்தார். யப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் போர்வீரர் தாய்லாந்துக் காட்டில் ஒரு புகையிரதப் பாலம் கட்டும் கதைக்குக் களனிக் கரை களமாயிற்று. 425 அடி நீளமும் 90 அடி உயரமும் கொண்ட மரப்பாலம் உண்மையாகவே கட்டப்பட்டது. மரங்களை இழுக்க யானைகள் உதவின. 1957 மார்ச் 10 ஆம் நாள், பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா பார்வையிட, பாலத்தைத் தகர்க்க ஏற்பாடாயிற்று. ஆனால் படப்பிடிப்பாளர் ஒருவர் பாதுகாப்பான இடத்தை உரிய வேளையில் அடையாமையால் வெடி நிறுத்தப்பட்டது. புகையிரதமோ நிற்கவில்லை, பாலத்தைக் கடந்து அப்பாலிருந்த மின்பிறப்பாக்கியுடன் மோதியது. அதனைச் செப்பனிட்டு, மறுநாள் காலை வெடியை இயக்கினர். மறுநாளும் தவறியிருப்பின் படத்தின் உச்சக் காட்சியே இல்லாது போயிருக்கும்.

இங்கேதான் நமது 'இருந்தால்' என்னும் விளையாட்டு தொடங்குகின்றது. பாலத்தைக் கட்டுவதிலேயே தன்னை மறந்து, பகைவனுக்குத் துணைபோகும் கேணல் நிக்கொல்சன் வேடத்தை அலெக் கின்னஸ் முதலில் ஏற்க மறுத்தார். அவர் இறுதிவரை இணங்காதிருந்தால், விறைத்த முதுகும் தளராத நடையும் கொண்ட அந்த நிக்கொல்சனை நாம் கண்டிருக்கவே மாட்டோம்; வேறொரு நடிகர் வேறொரு மனிதனைக் காட்டியிருப்பார். பின்னர் அப்படம் பெற்ற ஏழு ஒஸ்கார் விருதுகளுள் ஒன்று கின்னசுக்கு உரியது.

இவ்வாறு ஆள் மாறியதொரு படமும் நம் நாட்டிலே உருவானதுண்டு. 1954 இல் வெளியான 'எலிபன்ற் வோக்' என்னும் தேயிலைத் தோட்டக் கதையில் நடிக்க முதலில் இலங்கை வந்தவர் விவியன் லீ. மனநோயால் அவர் இடையில் விலக, எலிசபெத் ரெயிலர் அவ்வேடத்தை ஏற்றார். எனினும் தொலைவிலிருந்து எடுத்த சில காட்சிகளில் விவியன் லீயே இன்றும் நடமாடுகின்றார். எடுக்கப்படாது போன ஒரு படத்தின் துண்டுகள் எடுக்கப்பட்ட படத்தினுள் ஒளிந்திருக்கும் விந்தையை என்னென்பது!

குவாய் நதிக் கதைக்கு முடிவும் இரண்டு. மலாயாவில் றப்பர்த் தோட்டத்தில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல் 1952 இல் எழுதிய மூல நாவலில் பாலம் தகர்வதில்லை. புகையிரதம் மாத்திரமே தடம்புரளும். நாவலின்படியே படம் முடிந்திருந்தால், மானிட மடமையின் சின்னமாகப் பாலம் அப்படியே நின்றிருக்கும். கொட்டகையை விட்டுச் செல்வோர் கசப்போடு சென்றிருப்பர். திரைக்கதை எழுதிய கார்ல் போர்மன், மைக்கல் வில்சன் இருவரும் அமெரிக்காவில் பொதுவுடைமை ஐயத்தால் ஒதுக்கப்பட்டிருந்தமையால், விருது அவர்களுக்குக் கிட்டாது பூலின் பெயருக்கே சென்றது. இருவரும் மறைந்த பின்னரே அவர்களது உரிமை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

திரைக்கு வெளியே உள்ள வரலாறோ முற்றும் வேறானது. தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு அருகே போர்க் கைதிகளைக் கொண்டு மரப்பாலம் ஒன்றும் உருக்குப் பாலம் ஒன்றும் 1943 இல் கட்டப்பட்டன. அங்கே கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிலிப் ரூசி, நிக்கொல்சனைப் போன்றவரல்லர். தம் வீரரைக் காப்பதிலும் வேலையைத் தாமதப்படுத்துவதிலுமே அவர் கருத்தூன்றினார். 1945 இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சால் சிதைந்த உருக்குப் பாலம் பின்னர் திருத்தப்பட்டு, இன்றும் புகையிரதத்தைச் சுமக்கின்றது. அப்பாலம் கடப்பது மே குளோங் என்னும் ஆற்றை. படம் பார்த்து வந்தோர் குவாய் நதி எங்கே என்று தேடியமையால், 1960 ஆம் ஆண்டளவில் அப்பகுதி ஆற்றுக்குக் குவாய் யாய் என்று பெயரை மாற்றினர். கற்பனைக்கு இணங்கப் பூகோளமே திருத்தப்பட்டது!

இவற்றை ஆற்றங்கரையில் நாம் விளக்கிக்கொண்டிருந்தபொழுது, உடன் வந்த மாணவன் ஒருவன், "ஐயா, அந்தப் புகையிரதப் பாதை முழுவதையும் வெள்ளைக்காரக் கைதிகள்தாமா போட்டார்கள்?" என்று வினவினான். நல்ல வினா. அதற்கு விடை கூறும்பொழுது விளையாட்டு மனப்பான்மை நம்மை விட்டு அகன்றது.

415 கிலோமீற்றர் நீளமான அச்சயாம் - பர்மாப் பாதையில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட போர்க் கைதிகள் வேலை செய்தனர். அவர்களுள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அவர்களைப் போல் மும்மடங்குக்குக் குறையாத ஆசியத் தொழிலாளரும் அங்கே உழைத்தனர். பர்மியர், சாவகர், மலாயர், சீனர் ஆகியோருடன், மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கூலி தருவதாக ஆசை காட்டியும் வலிந்தும் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களை வாரிச் சென்றன. மாண்ட ஆசியத் தொழிலாளர் தொண்ணூறாயிரம் வரை இருப்பர் என மதிப்பிடுவர். போர்க் கைதிகளுக்கு மருத்துவரும் படையொழுங்கும் பெயர்ப் பதிவும் இருந்தன. இத்தொழிலாளருக்கு அவை எவையும் இருக்கவில்லை. காஞ்சனபுரியில் ஏறக்குறைய ஏழாயிரம் போர்வீரர் பெயர் பொறித்த கல்லறைகளில் துயில்கின்றனர். தமிழர் புதைந்த இடங்களுட் பல காடாகிவிட்டன.

லீனின் படத்தில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்ட ஒரு படத்தை நாம் எண்ணிப் பார்க்கின்றோம். கேணலின் மானப் பிரச்சினைக்கு அருகே, தோட்ட லயத்தில் பிள்ளைகளை விட்டு வந்த ஒரு தகப்பன் மண் சுமக்கின்றான். வெடி வெடிக்கும்பொழுது அவன் எங்கே நிற்பான்? அவனுக்கு அப்பாலம் வீரச்சின்னமா, கொலைக்களமா? அத்தகைய படத்தை ஹொலிவூட் எடுக்கவில்லை. மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலில் அத்துயரத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கின்றார். மலாயாவில் புகையிரத உத்தியோகம் பார்த்தவர்களின் வழிவந்த யாழ்ப்பாணக் குடும்பங்கள் இன்றும் பல உண்டு. பழைய கடிதங்களும் படங்களும் பரணிலே கிடக்குமாயின் அவற்றைத் தேடிப் பார்த்தல் நன்று.

கித்துல்கலவுக்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் மழை குறைந்த தை, மாசி மாதங்களைத் தெரிந்துகொள்வது நலம். பாறைகள் வழுக்கும், சிறுவரைக் கைவிடாது அழைத்துச் செல்லுதல் வேண்டும். செல்லுமுன் படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கரையில் நின்று பாலத்தை மனக்கண்ணால் மீண்டும் கட்டும்பொழுது, வெள்ளை வீரரோடு அத்தோட்டத் தமிழரையும் அதன்மேல் நிறுத்திப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் அதனைச் சொல்லிக் கொடுங்கள்.