ஆவியின் கணக்கு

“ஆவி அடித்துவிட்டது!”

1983ஆம் ஆண்டு, தைத் திங்கள். எங்கள் கூரை வீட்டு வாயிலில் நின்று ஓராள் கூவிய சொற்கள் இவை. எனக்கு அப்போது எட்டு வயது. அடித்தது எந்த ஆவி என்று வந்தவர் சொல்லவில்லை; கூடியவர்களும் கேட்கவில்லை. எங்கள் தெரு அறிந்த ஆவி ஒன்றே ஒன்றுதானே! புளியமரத்தில் குடியிருப்பது, உச்சிப் பொழுதில் உலவுவது, வேப்பிலைக்கு அஞ்சுவது!

உண்மையில் என் தந்தையை அடித்தது நீராவி.

வல்லம் என்றதும் தஞ்சைக்கு அருகே உள்ள வல்லம் தோழர்களின் நினைவுக்கு வரும். பெரியார், மணியம்மையார் இருவரின் பெயராலும் 1988இல் பெண்களுக்கென்றே ஒரு பொறியியற் கல்லூரி எழுந்த ஊர் அது. நான் பிறந்தது வேறு வல்லம். திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ளது. அன்று தென்னார்க்காடு, இன்று விழுப்புரம் மாவட்டம். ஏரியும் கிணறும் இரங்கினால் நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும். இரங்காவிட்டால் மக்கள் பிழைப்புத் தேடிப் புறப்படுவர். தை பிறந்தால் அரிசி ஆலைகளுக்கு ஓய்வில்லை. அப்படிப்பட்ட ஓர் ஆலையில் பாய்லர் பார்ப்பவர் என் தந்தை. உமியை வாரி அடுப்பில் இடுவதும், நீர்மட்டம் பார்ப்பதும், நெல் அவிக்கும் தொட்டிகளுக்கு ஆவியைத் திறந்துவிடுவதும் அவர் தொழில். அன்று குழாயின் இணைப்பு ஒன்று வெடித்தது. வலத் தோளும் கையும் வெந்துபோயின. நாற்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார். உயிர் தப்பியது, கை தப்பவில்லை. அதன்பின் அந்தக் கை தோளுக்கு மேல் உயர்ந்ததே இல்லை.

ஊர் கூடி ஆராய்ந்தது. ஆலையை அல்ல, என் தாயை! “ஆடியில் கூழ் ஊற்றினாயா? அமாவாசைக்கு மலையனூர் போனாயா? தலைப்பிள்ளைக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டதை நிறைவேற்றினாயா?” அடுக்கடுக்கான கேள்விகள். ஏதோ ஒன்றை அவர் மறந்திருந்தார். மறவாதவர் எவர்? தீர்ப்புக் கிடைத்துவிட்டது: ஆத்தாவின் கோபம்!

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் என் தலை மொட்டையாயிற்று. ஆடு ஒன்று வெட்டுண்டது. வட்டிக்கு வாங்கிய ஐந்நூறு ரூபாயை அடைக்க என் தாய்க்கு நான்கு ஆண்டுகள் ஆயின. ஆலை முதலாளி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். “எல்லாம் அவள் செயலம்மா, நம் கையில் என்ன இருக்கிறது?” என்று பெருமூச்செறிந்தார். ஆட்டுச் செலவுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தார். அவருடைய கருணையை எண்ணி என் தாய் கண்ணீர் விட்டார். நானும் அழுதேன். அந்தக் கண்ணீரை நினைத்தால் இன்றும் நெஞ்சு சுடுகிறது.

பத்தாண்டுகள் ஓடின. 1993இல் நான் பொறியியற் கல்லூரியில் சேர்ந்தேன். என் திறமையொன்றே என்னை அங்கு சேர்த்தது என்று மார்தட்டமாட்டேன். 14 இடங்களை இன்னின்னார்க்கு இத்தனை என்று பங்கிட்ட வகுப்புவாரி ஆணையை நீதிமன்றம் வீழ்த்தியபோது, மருத்துவக் கல்லூரி இடத்துக்காக ஒரு வழக்கும் பொறியியற் கல்லூரி இடத்துக்காக ஒரு வழக்கும் சேர்ந்தே நடந்தன. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது; பெரியார் களம் கண்டார்; அதே ஆண்டு சூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் திறந்த கதவின் வழியாகத்தான் பாய்லர்காரர் மகன் பாய்லரைப் பற்றிப் படிக்கப் போனான்.

வெப்ப இயக்கவியல் வகுப்பு. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பெட்டி வரைந்தார். அதைச் சுற்றிப் புள்ளிகளால் ஒரு கோடு இட்டார். “இதுதான் எல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கோட்டைக் கடந்து உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு? இரண்டும் சமமாக வேண்டும். ஆகாவிட்டால் எதையோ மறந்துவிட்டீர்கள் என்று பொருள்” என்றார். நீராவி டர்பைனுக்கான ஆற்றற்சமன் கணக்கின் முழு இலக்கணமும் இவ்வளவே.

அவர் கொடுத்த முதற்கணக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. 30 பார் அழுத்தம், 400 பாகை வெப்பநிலை கொண்ட நீராவி நொடிக்கு 10 கிலோ வீதம் டர்பைனில் நுழைகிறது. நுழையும் வேகம் நொடிக்கு 50 மீட்டர். 0.1 பார் அழுத்தத்தில், 150 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. அதற்குள் அதில் பத்தில் ஒரு பங்கு நீர்த்துளியாகிவிட்டது. இயந்திரத்தின் உறை வழியாக 100 கிலோவாட் வெப்பம் கசிகிறது. கிடைக்கும் திறன் என்ன?

நீராவி அட்டவணையைப் புரட்டினேன். நுழையும் ஆவியின் என்தால்பி கிலோவுக்கு 3,231 கிலோஜூல். வெளியேறும் ஆவிக்கு 2,345. வேறுபாடு 886. அடுத்தது வேகத்தின் கணக்கு: 150இன் இருமடியிலிருந்து 50இன் இருமடியைக் கழித்து இரண்டால் வகுத்தேன், 10,000 வந்தது. கழித்தேன். கசியும் வெப்பம் கிலோவுக்கு 10, அதையும் கழித்தேன். விடை: கழித்தல் 9,124! மின்சாரம் தரவேண்டிய டர்பைன், மின்சாரத்தை விழுங்கிக்கொண்டிருந்தது!

ஆசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார். தாளின் தலையில் நான் பிள்ளையார் சுழி இட்டிருந்தேன். அதைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “அட்டவணை பொய் சொல்லாது, தம்பி. நீ எங்கே வழுக்கினாய் என்று தேடு” என்று மட்டும் சொன்னார்.

தேடினேன். வெப்பத்தைக் கிலோஜூலில் எடுத்திருந்தேன்; வேகத்தின் ஆற்றலோ ஜூலில் வந்திருந்தது. ஆயிரத்தால் வகுக்க மறந்துவிட்டேன். 10,000 ஜூல் என்பது வெறும் 10 கிலோஜூல். ஆக, 886இலிருந்து 10, மேலும் 10 போக 866. நொடிக்கு 10 கிலோ. திறன் 8,660 கிலோவாட். நுழைவாயில் மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன்: கிலோவுக்கு 0.03 கிலோஜூல்தான். தள்ளிவிடலாம், ஆனால் அளந்த பிறகுதான் தள்ளலாம்! பிள்ளையார் சுழி ஆயிரத்தால் வகுத்துத் தரவில்லை. அன்றோடு அது என் தாள்களிலிருந்து விடைபெற்றது. கோபத்தால் அல்ல, கணக்கில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவே.

அன்றிரவு அதே அட்டவணையில் வேறொரு எண் கண்ணில் பட்டது: 2,257. நூறு பாகையில் ஒரு கிலோ நீராவி நீராக மாறும்போது விட்டுச்செல்லும் வெப்பம், கிலோஜூலில். நூறு பாகைக் கொதிநீர் உடல்வெப்பத்துக்குத் தணிகையில் விடுவது ஏறத்தாழ 264தான். ஒரே எடையுள்ள கொதிநீரும் நீராவியும் தோலில் பட்டால், நீராவி தரும் வெப்பம் ஒன்பது மடங்குக்கும் மேல்! நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தந்தையின் தோள் அங்கே அச்சிடப்பட்டிருந்தது.

விடுமுறையில் ஊருக்கு வந்தேன். தந்தையோடு வேலை செய்த முதியவரைத் தேடிப்போய்க் கேட்டேன். அழுத்தம் மிகுந்தால் தானே திறந்து ஆவியை வெளியேற்றும் காப்பு வால்வு எந்தப் பாய்லரிலும் உண்டே, அன்று அது என்ன ஆயிற்று என்று. அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அது அடிக்கடி திறந்துகொள்ளும். ஆவி வீணாகிறது, நெல் தேங்குகிறது என்று முறுக்கி இறுக்கிவிடச் சொன்னார்கள். இறுக்கினோம்.”

கணக்கு நேராகிவிட்டது. அடுப்பு எரிகிறது, உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கிறது, வெளியேற வைத்த வழியை அடைத்தாயிற்று. வரவு உண்டு, செலவு இல்லை. உள்ளே சேர்கிறது, சேர்கிறது, இருப்பதிலேயே நலிந்த இணைப்பைப் பிளக்கிறது. அங்காளம்மன் எங்கே வந்தாள் இதில்?

வெற்றிக் களிப்போடு வீட்டுக்கு ஓடினேன். “அப்பா! ஆத்தாவும் இல்லை, ஆவியும் இல்லை. வால்வை இறுக்கியதுதான் காரணம்! உங்களை ஏமாற்றிவிட்டார்கள்!” என்றேன். படிப்பின் செருக்கு என் குரலில் இருந்தது, இன்று ஒப்புக்கொள்கிறேன்.

தந்தை சிரிக்கவில்லை, சினக்கவுமில்லை. “தெரியுமடா. இறுக்கிய கையே இதுதான்” என்று சூம்பிய கையைக் காட்டினார். “வேண்டாம், ஆபத்து என்று சொல்லிப் பார்த்தேன். முடியாதென்றால் வேறு ஆள் பார்க்கிறோம் என்றார்கள். நீ எட்டு வயது, உன் தங்கைக்கு மூன்று. நான் என்ன செய்ய?”

என் பகுத்தறிவு அந்த நொடியில்தான் முதிர்ந்தது, தோழர்களே! என் தந்தை மூடநம்பிக்கைக்காரர் என்று நான் எண்ணியிருந்தேன். இல்லை. அழுத்தமானியின் முள்ளை அறிந்தவர் அவர். என்தால்பி என்ற சொல்லைக் கேளாமலே ஆவியை அறிந்தவர். அவரை ஊமையாக்கியது அறியாமையன்று, அடுத்த வேளை உலை. உண்மை அவர் நாவில் இருந்தது; வேலை முதலாளி கையில் இருந்தது.

ஆசிரியர் வரைந்த புள்ளிக்கோடு அப்போது என் கண்முன் வந்தது. எல்லையை எங்கே வரைகிறோம் என்பதில் அல்லவா இருக்கிறது சூழ்ச்சி! ஊரார் எங்கள் வீட்டைச் சுற்றிக் கோடு போட்டார்கள். அதற்குள் என் தாய் இருந்தாள், மறந்துபோன கூழ் இருந்தது, இறக்காத முடி இருந்தது. ஆலை அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றது. இறுகிய வால்வு வெளியே, முதலாளியின் இலாபம் வெளியே. பிறகு எத்தனை முறை கூட்டிக் கழித்தாலென்ன, குற்றம் என் தாய்மீதுதானே விழும்?

பாய்லர்களைச் சோதித்துச் சான்றளிக்கச் சட்டம் 1923இல் வந்தது. வேலையில் காயமுற்ற தொழிலாளிக்கு இழப்பீடு தரச் சொல்லும் சட்டமும் அதே 1923இல் வந்தது. 1983இல் இரண்டும் நடப்பில் இருந்தன. இரண்டுக்கும் வேலையில்லாமல் செய்தது ஒரு சொல்: “தெய்வக் குற்றம்!” முதலாளி செலுத்தவேண்டிய இழப்பீடு ஐம்பது ரூபாயில் முடிந்தது, செலுத்த வேண்டாத ஐந்நூறு ரூபாயை என் தாய் வட்டியோடு செலுத்தினாள். ஆத்தா கோபித்தாளோ இல்லையோ, அவள் பெயரால் ஆதாயம் அடைந்தவன் ஒருவன் இருந்தான்.

புதிய சூதா இது? முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஏரோன் என்றொரு அறிஞர் இருந்தார். ஆவியால் சுழலும் உருண்டையைப் பற்றி எழுதியவர், டர்பைனின் முப்பாட்டன். பலிபீடத்தில் தீ மூட்டினால் கோயில் கதவு தானே திறக்கும் பொறியையும் அவர் விளக்கியிருக்கிறார்: தீயில் காற்று விரியும், அது நீரைத் தள்ளும், நீர் நிறைந்த வாளி கீழிறங்கிக் கதவை இழுக்கும். வெளியே நிற்பவனுக்குத் தெய்வத்தின் திருவிளையாடல்! உள்ளே வாளியும் கயிறும்! பார்சன்ஸ் 1884இல் உருவாக்கிய டர்பைனோ, மின்விளக்கு எரிய வழிசெய்தது. ஆற்றலை எவர் கையில், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

1995இல் எங்கள் வகுப்பு நெய்வேலிக்குச் சென்றது. சோவியத் நாட்டின் துணையோடு எழுந்து, 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் அன்று ஓடிக்கொண்டிருந்தது. 2020இல்தான் அது ஓய்வுபெற்றது. பாதியளவு ஈரம் சுமந்த பழுப்பு நிலக்கரி எரிந்து, 600 மெகாவாட் நிலையத்தை இயக்கிய காட்சி! பெரிய பெரிய குளிர்விப்புக் கோபுரங்கள் வானை நோக்கி வெண்புகை போல் ஆவியை விட்டன. “இவ்வளவு வெப்பம் வீணாகிறதே!” என்றான் ஒரு நண்பன். எங்கள் வகுப்புக் கணக்கையே எடுத்துப் போட்டுப் பார்த்தோம். நீரை ஆவியாக்கக் கிலோவுக்கு 3,039 கிலோஜூல் கொடுக்கிறோம், 866 வேலையாகிறது, 10 கசிகிறது, எஞ்சிய 2,163 கண்டென்சரின் குளிர்நீரோடு போகிறது. நூறில் 28 பயன், 71 கழிவு! டர்பைனை இன்னும் செம்மையாக்கினால் சற்றுக் கூடும். முழுவதும் ஒருநாளும் கிட்டாது. 1824இல் கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் காட்டிய எல்லை அது. அரசனுக்கும் ஆண்டிக்கும், உருசியாவுக்கும் நெய்வேலிக்கும் ஒன்றே. ஐயமுள்ளவன் அளந்து பார்க்கலாம், எவரும் தடுக்கமாட்டார்.

இதுதான் இயற்கை விதி! “ஐந்து விரலும் ஒன்றா? மேல்கீழ் இயற்கைதானே!” என்று பேசுவோரைப் பார்த்து நான் கேட்பது இதைத்தான். உங்கள் விதி எந்த அட்டவணையில் இருக்கிறது? எவர் அளந்தார்? உழைத்தவன் உழைப்பில் பெரும்பங்கு கோபுரத்தின் வழியே போகவேண்டும் என்று எந்தக் கார்னோ கண்டுபிடித்தார்? கார்னோவின் எல்லையை மாற்ற எந்தச் சட்டமன்றத்தாலும் முடியாது. 1951இல் ஒரு திருத்தம் வந்ததும் உங்கள் விதியின் ஓர் இணைப்பு விட்டுப்போயிற்றே! இயற்கை விதியை எவரும் இறுக்கிக் கட்டிக் காக்க வேண்டியதில்லை. இறுக்கிக் கட்டிவைத்ததெல்லாம் வால்வுதான், தோழர்களே, விதியன்று!

தந்தை இப்போது இல்லை. தாய் இருக்கிறார். ஆடியில் இன்றும் கூழ் ஊற்றுகிறார்; தெருப்பிள்ளைகள் குடித்துப் பசியாறுகிறார்கள்; நான் தடுப்பதில்லை. ஆனால் ஒருநாள் அவர் அருகில் அமர்ந்து, வால்வின் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்படியென்றால் நான் ஒன்றும் தப்புச் செய்யவில்லையா, தம்பி?” என்று கேட்டார். இருபது ஆண்டுகளாக அந்தப் பழியை அவர் சுமந்திருக்கிறார்! “இல்லை அம்மா” என்றேன். நான் போட்ட கணக்குகளிலெல்லாம் விடை சொல்லி மகிழ்ந்தது அந்த ஒன்றில்தான்.

இளந்தோழனே! உன் ஊரிலும் ஏதேனும் வெடிக்கும்; உடனே “ஆவி அடித்தது” என்பார்கள். சிரித்துவிட்டுப் போகாதே. அழுகிற தாயைக் கேலி செய்யாதே. தாளை எடு, எல்லைக்கோட்டை நீ வரை, ஆலையையும் அதற்குள் அடக்கி வரை. வரவென்ன, செலவென்ன, எவர் கைக்கு எது போயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேள். சமன் ஆகும்வரை விடாதே!