தபலா வாசித்தவர் யார்?

சுவை ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒருவனுக்குக் கரும்பாய் இனிப்பது மற்றவனுக்கு வேம்பாய்க் கசக்கும். இசை என்று வந்துவிட்டாலோ இந்த வேற்றுமை வழக்காகவே முற்றிவிடும். எங்கள் விடுதியில் இவ்வாண்டு ஓயாமல் நடந்த வழக்குகளுள் ஒன்று, 1967ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் இசைத்தட்டைப் பற்றியது என்றால் நம்புவீர்களா? அவ்வழக்கை உங்கள் முன் வைத்து, எனக்குத் தோன்றியதையும் சொல்ல விரும்புகிறேன்.

அது பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்'. ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருதைப் பெற்ற முதல் ராக் இசைத்தட்டு அதுவே. இன்று கைப்பேசியிலேயே முழுவதையும் கேட்டுவிடலாம். தட்டைப் புகழ்வதில் விடுதியில் கருத்து வேற்றுமை இல்லை. இரண்டாம் பக்கத்தின் முதற்பாட்டில்தான் கலகம் தொடங்குகிறது. 'விதின் யூ வித்தவுட் யூ' என்னும் அப்பாட்டை எழுதிப் பாடியவர் ஜார்ஜ் ஹாரிசன். மற்ற மூன்று பீட்டில்ஸும் அதில் வாசிக்கவில்லை. தில்ரூபா, தபலா, தம்பூரா, சிதார், சுவர்மண்டல் ஆகிய நம் நாட்டுக் கருவிகளோடு எட்டு வயலின்களும் மூன்று செல்லோக்களும் சேர்ந்து ஐந்து நிமிடங்கள் ஒலிக்கின்றன.

முதற் கட்சியினர், "நல்ல விருந்தின் நடுவே கஷாயத்தை ஊற்றிவிட்டார்களே!" என்று அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார்கள். இவர்களுக்கு உலகெங்கும் துணை உண்டு. தட்டு வெளிவந்த காலந்தொட்டே அந்த இடத்தில் ஊசியைத் தூக்கி வைத்தவர்கள் பலர். இரண்டாம் கட்சியினருக்கோ அந்தத் தட்டின் உயிரே அப்பாட்டுத்தான். மூன்றாம் கட்சியினர் கொஞ்சம் சங்கீதம் அறிந்தவர்கள். "வெள்ளைக்காரன் வேடிக்கைக்காக நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டான், அவ்வளவுதான்" என்பது அவர்கள் தீர்ப்பு.

முதற் கட்சியின் சலிப்புக்குக் காரணம் இருக்கிறது. மேனாட்டுப் பாட்டில் அடியிலிருக்கும் சுரக்கூட்டு மாறிக்கொண்டே போகும். கேட்பவனின் மனம் அந்த மாற்றத்தை எதிர்பார்த்தே நடக்கும். இப்பாட்டில் தம்பூராவின் சுருதி கடைசிவரை அசையாமல் நிற்கிறது. மாற்றமெல்லாம் மேலே ஓடும் சுரங்களில்தான். மாறாத ஒன்றில் மாற்றத்தைத் தேடுபவனுக்குச் சலிப்புத்தானே மிஞ்சும்?

மூன்றாம் கட்சியின் தீர்ப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1965இல் 'நார்வீஜியன் வுட்' பாட்டில் ஹாரிசன் சிதாரை மீட்டியபோது அது பொட்டு என்றால் ஒத்துக்கொள்வேன். ஆனால் 1966இல் அவர் பண்டிட் ரவிசங்கரைச் சந்தித்தார். அதே ஆண்டில் இந்தியாவுக்கு வந்து அவரிடம் சிதார் பயின்றார். அகில இந்திய வானொலிக்காக ரவிசங்கர் அமைத்த ஒரு நீண்ட இசையை மாதிரியாகக் கொண்டே இப்பாட்டைச் செய்தார். தில்ரூபா குழைந்து ஏறி இறங்கும் இடங்களை லண்டன் வயலின் கலைஞர்களின் வில்லிலும் கொண்டுவரத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பட்ட பாடு சிறிதன்று. பொட்டு வைக்க இத்தனை உழைப்பு எதற்கு?

இனி நான்காவது ஒருவரின் கருத்தைச் சொல்ல வேண்டும். அவர் என் தந்தை, தவில் கலைஞர், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான்தான். பொங்கல் விடுமுறையில் அவருக்கு இப்பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஹரிகாம்போதி சுரந்தான். ஆனா வடக்கத்திக் குழைவு" என்றார். குரல் ஓய்ந்து கருவிகள் மட்டும் பேசும் நடுப்பகுதி வந்ததும் அவர் விரல்கள் தொடையில் எண்ணத் தொடங்கின. "அஞ்சு எண்ணிக்கைக்கு மாறுது பாரு" என்றார். அந்தப் பகுதி பத்து மாத்திரை கொண்ட ஜப்தாளம் என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். பாட்டு முடிந்தது. நன்று என்றோ தீது என்றோ அவர் சொல்லவில்லை. "தபலாக்காரர் யாரு தம்பி?" என்றார்.

விடுதியின் மூன்று கட்சிகளிலும் எழாத கேள்வி அது!

விடையைத் தேடினேன். அந்தத் தட்டின் அட்டையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புகழ்பெற்றோரின் உருவங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பரமஹம்ச யோகானந்தர் உட்பட நம் நாட்டு யோகியர் நால்வரும் அங்கே உண்டு. ஆனால் வாசித்த இந்தியக் கலைஞர்களின் பெயர்கள் அட்டையில் இல்லை. வயலின் வாசித்த ஆங்கிலேயரின் பெயர்களும் இல்லை. ஆகவே இது நிறத்தால் மட்டும் வந்த மறதியன்று. முந்தைய ஆண்டின் 'ரிவால்வர்' தட்டில் அனில் பகவத் என்னும் தபலாக் கலைஞரின் பெயரை அச்சிட்டவர்களே அடுத்த ஆண்டில் இப்படிச் செய்தார்கள். தட்டின் ஐம்பதாம் ஆண்டான 2017இல்தான் நால்வரின் பெயர்கள் பரவலாக வெளியே தெரிந்தன. தில்ரூபா வாசித்தவர்கள் அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜார். தம்பூரா புத்ததேவ் கன்சாரா. தபலா நட்வர் சோனி.

தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். அந்தப் பெயரை இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நல்ல கை" என்றார்.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துத் திருமண அழைப்பிதழ்களில் மணமக்களின் பெயர் உண்டு. மாமன்மார் பெயர் உண்டு. அச்சகத்தின் பெயரும் அடியில் உண்டு. 'மங்கல இசை முழங்க' என்பதோடு வாசிப்பவரின் கதை முடிந்துவிடும். முப்பது ஆண்டுகளாக அந்த மூன்று சொற்களுக்குள் வாழ்ந்துவரும் என் தந்தை அதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மகன் சொல்லலாம் அல்லவா?

நண்பர்களே, இசையைப் பற்றிய கட்சிகள் இருக்கட்டும். அவை இருந்தால்தான் விடுதியில் இரவு கழியும். பேராசிரியப் பெருமக்களிடமும் மாணவர் பேரவையிடமும் என் விண்ணப்பம் ஒன்றே: அடுத்த கல்லூரி ஆண்டு விழா அழைப்பிதழில், தலைமை தாங்குவோர் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, அன்று நாதசுரமும் தவிலும் வாசிப்பவர்களின் பெயர்களையும் அச்சிடுங்கள்.