இரண்டு வாசல், ஒரு மனு

"ஒரே சமயத்துல ரெண்டு தேசத்துக்கு எழுதிப் போடறீங்களே, தப்பில்லையா?" என்று அத்தை கேட்டபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

2023-ம் வருஷம் அது. கட்டட இன்ஜினீயரான என்னவர் கனடா, ஆஸ்திரேலியா இரண்டிலும் நிரந்தரமாய்த் தங்கும் உரிமைக்குப் பெயர் பதிந்திருந்தார். தப்பேயில்லை, இரு நாட்டுச் சட்டமும் தடுக்கவில்லை. வரிசையில் நிற்பதற்குக் கட்டணமும் கிடையாது. அழைப்பு வந்து, 60 நாளுக்குள் மனுப் போடும்போதுதான் பெரிய செலவு.

எல்லாம் மார்க் கணக்கு! ஆஸ்திரேலியாவில் 32 வயது வரை 30 மார்க். 33 ஆனால் 25. அந்த ஐப்பசியில் இவருக்கு 33 பிறந்தது. போச்சு ஐந்து!

"மனைவி இங்கிலீஷ் பரீட்சையில் நாலு பிரிவிலும் 6 வாங்கினா அஞ்சு மார்க் உண்டாம்" என்றார், தயங்கித் தயங்கி.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் மளிகைச் சீட்டு தவிர நான் எழுதியது ஏது?

"குழந்தையை நான் பார்த்துக்கறேன். நீ போய்ப் படி" என்றார் அத்தை. பிள்ளையை அனுப்ப மனசில்லாத அதே அத்தைதான்!

முதல் தடவை எழுத்தில் 5.5. அழுதேன். இரண்டாம் தடவை நாலிலும் 6, 6.5 என்று வந்தது. வயசு தின்ற ஐந்தை நான் மீட்டுவிட்டேன். அதே பரீட்சை கனடாவிலும் 12 மார்க் சேர்த்தது.

அடுத்து படிவங்கள். பத்து வருஷத்தில் ஒரு மாசம்கூட விடாமல், எங்கே இருந்தோம், என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். எட்டு வருஷத்துக்கு நேரே 'இல்லத்தரசி' என்று எழுதினேன். கூச்சமாயிருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

சகோதரிகளே, ஒன்று சொல்கிறேன். இரண்டு படிவத்திலும் தேதிகள் ஒன்றாய் இருக்கட்டும். பழைய வாடகை வீட்டைக் காலி செய்ததை ஒன்றில் மே என்றும் மற்றதில் ஜூன் என்றும் குறித்திருந்தோம். நல்லவேளை, பழைய கேஸ் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினேன்.

2024-ல் மூன்று வார இடைவெளியில் இரண்டு அழைப்பும் வந்தன. இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன என்று ஆசைதான். ஆனால் கனடாவின் உரிமை நிலைக்க ஐந்து வருஷத்தில் 730 நாளாவது அங்கே இருக்க வேண்டும். அங்கே பாதி, இங்கே பாதி என்று குழந்தையைப் பள்ளிக்கூடம் மாற்றிக்கொண்டே இருக்க முடியுமா?

"அம்மா மூட்டுவலிக்குப் பனி ஆகாது. வந்து போக மெல்போர்ன்தான் தேவலை" என்றார் இவர். அதற்குப் பணம் கட்டினோம். கனடா அழைப்பை விட்டுவிட்டோம்.

இப்போது அத்தையின் வருகை விசாவுக்குத் தாள்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று போனில் கேட்டார்:

"எனக்கும் அந்தப் பரீட்சை உண்டாம்மா?"

"இல்லை அத்தை. நீங்க வந்தா போதும்!"