பேர்சிக்கியூஷனா, புரொசிக்கியூஷனா?

ரொறன்ரோவில் அகதி வழக்கு நடத்திய எங்கள் ஆட்களுக்கு இந்த இரண்டு சொற்களும் விளையாட்டில்லை. விரைவாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். முதலாவது, இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களுக்காக ஒருவரைத் துன்புறுத்துவது. இரண்டாவது, குற்றம் செய்தார் என்று நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம் பாதுகாப்பது முதலாவதற்கு ஆளானவரை. களவெடுத்துவிட்டு வழக்குக்குப் பயந்து ஓடிவந்தவர் அதன்படி அகதி ஆகமாட்டார்.

நியாயமான கோடுதான். ஆனால் இலங்கையில் அந்தக் கோடு எங்கே இருந்தது? 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி, வழக்கே போடாமல் ஒருவரை 18 மாதம் வரை அடைத்து வைக்கலாம் என்றிருந்தது. பொலிஸ் உயர் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியாகும். அது அடித்து வாங்கியது என்று காட்டவேண்டிய பொறுப்பும் அடி வாங்கியவரின் தலையிலேயே. வழக்கு என்ற பெயரிலேயே துன்புறுத்தல் நடந்த நாடு அது.

ஸ்காபரோவில் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில், ஊர் அண்ணர் ஒருவருக்குத் துணையாக இருந்தேன். "உங்களுக்கு என்ன பிரச்சினை நடந்தது?" என்று கேட்டார்கள். "கேஸ் போட்டவங்கள் தம்பி" என்றார், என்னைப் பார்த்து. அவ்வளவுதான். அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் புரொசிக்கியூஷன். கோரிக்கை அந்த இடத்திலேயே நொண்டும். ஆறுதலாகக் கேட்கக் கேட்கத்தான் மிச்சம் வந்தது. சிங்களத்தில் எழுதிய தாள். அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. கையெழுத்து வைக்கும்வரை இரண்டு இரவுகள் அடித்திருக்கிறார்கள். தமிழன் என்பதைத் தவிர வேறு காரணம் அவருக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

கோரிக்கையாளர் தன் வாயாலேயே தன் கதையைச் சொல்லும் உரிமை இங்கே சும்மா கிடைத்ததல்ல. 1985இல் சிங் வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் கிடைத்தது. அந்த உரிமையை ஒற்றைச் சொல்லில் முடித்துவிடக் கூடாது.

விசாரணைக்குப் போகிறவர்களே, சட்டச் சொல்லைத் தேடாதீர்கள். யார் பிடித்தது, எங்கே வைத்தது, என்ன செய்தது, ஏன் உங்களை என்று நடந்ததைச் சொல்லுங்கள். உரைபெயர்ப்பாளர் பிழையாகச் சொல்கிறார் என்று பட்டால், அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லுங்கள். பிறகு பார்ப்போம் என்று விட்டால் பெரும்பாலும் எடுபடாது.